இம்மாகுலேற்றின் பதினெட்டுப் பேர்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பாடசாலைச் சமையலறையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிற இம்மாகுலேற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு உத்தியோகம் இருக்கிறது. அவர் ஒரு பேஸ்போல் அணியின் ஜெனரல் மேனேஜர். முதல்முறை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார்.

"ஓம், நான்தான். சம்பளம் இல்லை, கதிரை மட்டும் இருக்கு. அதுவும் மடக்குக் கதிரை."

அந்த விளையாட்டை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த அவர் அதிகம் கஷ்டப்படுவதில்லை. வருடப் பிறப்புக்கு எல்லே விளையாடியிருக்கிறீர்கள்தானே, அதுதான், தொப்பி போட்ட எல்லே என்பார். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். மைதானத்தில் நான்கு மூலை. நான்கையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். ஒரே அடியில் சுற்றி முடியாவிட்டால் ஒரு மூலையில் நின்று, அடுத்தவர் அடிக்கும்போது மிச்சத்தை ஓடலாம். பக்கத்துக்கு ஒன்பது பேர். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டை நீட்டுவதற்காகச் சேர்த்தது என்று அவர் நினைக்கிறார்.

மன்னார்ப் பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கணவர் மினிகாப் ஓட்டுகிறார். ஒரே மகள் டயனா. அவளால்தான் இந்தத் தொடர்பே வந்தது. இல்ஃபோர்ட்டில் பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டி, சப்பாத்துத் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிற ஞானேஸ்வரன் என்பவர், கனடாவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். அங்கே பழகிய விளையாட்டை விட மனம் வராமல், எட்டு வருடத்துக்கு முன் தன் கடைக் கண்ணாடியிலும் கோயில்களிலும் தேவாலய வாசலிலும் ஒரு கடதாசி ஒட்டினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து விளையாடும் லீக், யாரும் வரலாம் என்று எழுதியிருந்தது. டயனா போனாள். மகள் வெயிலில் நிற்கிறாளே என்று தாய் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோனார். இரண்டு வருடத்தில் மகள் லீட்ஸுக்கு வேலைக்குப் போய்விட்டாள். தாயும் பிளாஸ்க்கும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு நாள் ஞானேஸ்வரன் வந்து பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, நீங்கள் எங்களுக்கு ஜெனரல் மேனேஜரா இருக்கோணும்."

"எனக்கென்ன தெரியும் தம்பி? மட்டையை எந்தப் பக்கத்தால பிடிக்கிறதெண்டும் தெரியாது."

"அதுதான் வேணும். கனடாவில பெரிய ரீமுகளில, ஆரை எடுக்கிறது, ஆரை விடுறது, ஆரை எதுக்கு மாத்திறது எண்டு முடிவெடுக்கிறது ஒரு தனி ஆள். களத்தில ஆர் எங்க நிக்கிறதெண்டு சொல்லுறது கோச். மேனேஜர் வெளியில இருந்து பாக்கிற ஆள். விளையாடுற நாங்கள் எங்கட சிநேகிதரைத்தான் எடுப்பம். நீங்கள் நியாயமாப் பாப்பியள்."

நியாயமாகப் பார்ப்பதில் அவருக்கு ஒரு வழி இருந்தது. பாடசாலையில் எந்தச் சாப்பாடு நல்லது என்று அறிய மற்றவர்கள் வரிசையைப் பார்ப்பார்கள். இம்மாகுலேற் வாளியைப் பார்ப்பார். பிள்ளைகள் எதை எடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைக் கொட்டினார்கள் என்று பார்ப்பார். மைதானத்திலும் அப்படித்தான். பந்தை விட்டவர் அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறார்? தோற்ற நாளில் மூலைப் பலகைகளைப் பொறுக்கிக் காரில் ஏற்றுகிறவர் யார்? மழை தூறினால் முதலில் யாருடைய தொலைபேசி வெளியே வருகிறது? எல்லாவற்றையும் ஒரு கட்டம் போட்ட அப்பியாசக் கொப்பியில் குறித்தார். ஆங்கிலக் குறியீடுகள் தெரியாததால் தானே குறிகள் வைத்துக்கொண்டார். நல்ல அடிக்கு ஒரு கோடு. ஓட்டம் முடித்து வந்தவருக்கு ஒரு சின்ன வீடு. ஆட்டமிழந்தால் ஒரு புள்ளடி.

இன்னொரு குறியும் இருந்தது. பந்தெறிபவர் அடிக்க முடியாதபடி நான்கு பந்து பிழையாக எறிந்துவிட்டால், மட்டையோடு நிற்பவர் முதல் மூலைக்குச் சும்மா நடந்தே போகலாம். அதற்கு இம்மாகுலேற் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைப்பார். எறிந்தவரின் பிழைக்கு நின்றவரை என்னவென்று புகழ்வது?

லீக்கில் ஒரு அணி பதினெட்டுப் பெயர்தான் பதியலாம். அந்தப் பதினெட்டை ஒவ்வொரு பங்குனியிலும் அவர் தெரிந்தெடுத்தார். பந்தெறிய ஹரிசன் என்ற மருந்துக்கடைப் பொடியனை எடுத்தார். நடுவில் ஓடிப் பிடிக்க மேனுஷாவை எடுத்தார். விளையாடிக்கொண்டே கோச்சாகவும் இருக்க அவருடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்த றூபனை வைத்தார். இரண்டு லிதுவேனியச் சகோதரர்கள், ஒரு கியூபாக்காரர் என்று அணி பெருகியது. பாதிக்கு மேல் தமிழ்க் கத்தோலிக்கர். நன்றாகத்தான் போனது.

போன பங்குனியில்தான் அவர் அந்தப் பிழையை விட்டார்.

பலமான இரண்டு இளைஞர்கள் புதிதாக வந்திருந்தார்கள். அடித்தால் பந்து மரத்துக்கு மேலால் போகும். இடம் வேண்டும். இம்மாகுலேற் கொப்பியை எடுத்துக் கோடுகளை எண்ணினார். ஆகக் குறைந்த கோடு ஞானேஸ்வரனுக்கு. முழுப் பருவத்திலும் ஐந்து. வயது நாற்பத்தொன்பது. முழங்கால் வேறு சரியில்லை. இரண்டு நாள் செபமாலை சொல்லிவிட்டு, பயிற்சி முடிந்த மண்டபத்தில் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு கதை சொல்லோணும்."

"முகத்தைப் பாத்தாலே தெரியுது அக்கா. என்னை ரீமில இருந்து எடுத்துப்போட்டியள், என்ன?"

"போன வருஷம் அஞ்சு தரம்தான் அடிச்சனியள் தம்பி. நான் ஒரு கண்ணுக்கு ஒரு நியாயம், மற்றக் கண்ணுக்கு ஒரு நியாயம் வைக்க ஏலாது."

"அஞ்சோ? நான் நாலெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்." ஞானேஸ்வரன் சிரித்தார். சிரிப்பு முடிய வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "மேனேஜர் சொன்னால் சொன்னதுதான். உங்களை நான்தானே வைச்சனான்."

அணிச் சட்டையை மடித்துக் கையில் தந்துவிட்டுப் போனார். அணியைத் தொடங்கிய மனிதர். இம்மாகுலேற் பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தச் சட்டையை மடியில் வைத்திருந்தார்.

பருவம் தொடங்கியது. பந்துகள் மரத்துக்கு மேலால் போயின, ஆனால் ஒரு அடிக்கு ஒரு ஓட்டத்துக்கு மேல் வரவில்லை. அடிக்கிறவர் அடிக்கும்போது மூலைகளில் ஒருவரும் நிற்பதில்லை. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வைகாசியில் ஒரு ஞாயிறு, சிலர் ஷிப்ட், சிலர் ஸ்ட்ரெதத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்று எட்டுப் பேர்தான் வந்தார்கள். ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஒரு பருவத்தில் இரண்டு தரம் அப்படி நடந்தால் அணியை லீக்கில் இருந்து எடுத்துவிடுவார்கள். லீக்கில் இல்லாத அணிக்குக் கவுன்சில் மைதானம் தராது. மைதானம் போனால் எட்டு வருடமும் போன மாதிரி. ஆனியில் அந்த இரண்டு பலசாலிகளும் மன்செஸ்ரரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். பட்டியலில் பதினாறு பேர் மிஞ்சினார்கள்.

அந்த மாதமே ஒரு ஆட்டம் மழையால் நின்றது. சில நாள் கழித்து லீக் செயலாளர் தொலைபேசி எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இம்மாகுலேற் இருநூறு பிள்ளைகளுக்கான பாஸ்தாவை வடித்துக்கொண்டிருந்தார். ஆடி மாதம் இந்த ஞாயிறு சரியா என்று செயலாளர் ஒரு திகதி சொன்னார். ஆவிக்குள் நின்றுகொண்டு "ஓகே, ஓகே, தாங்க் யூ" என்றார் இம்மாகுலேற்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவில் அறிவித்தல் வாசித்தார்கள். வல்சிங்கம் மாதா யாத்திரைக்குப் பேருந்துகள் காலை ஆறரைக்குப் புறப்படும், பெயர் கொடுக்காதவர்கள் மரியமலரிடம் கொடுக்கவும். திகதியையும் வாசித்தார்கள். முன்வாங்கில் இருந்த றூபன் கழுத்தைத் திருப்பினான்.

"அக்கா... அண்டைக்குத்தானே நீங்கள் மச் வைச்சனியள்?"

அதே திகதிதான் என்று இம்மாகுலேற்றுக்கு விளங்கியது. இங்கிலாந்து முழுவதிலும் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் வருடத்தில் ஒரு நாள் கூடுகிற இடம் அது. அவரே பத்தொன்பது வருடம் தவறாமல் போனவர். உலகத்தில் வேறு எந்த மேனேஜரும் இப்படி ஒரு நாளில் ஆட்டம் வைத்திருக்க மாட்டார்.

"என்ன அக்கா, மாதாவையும் ரீமில சேத்திட்டியளோ?" என்று பின்வாங்கில் யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செயலாளரிடம் கெஞ்சிப் பார்த்தார். வேறு நாள் இல்லை. பதினாறு பேரில் ஒன்பது பேர் யாத்திரை போகிறவர்கள். றூபனுக்கு அந்த வருடம் மாதாவின் சுருவத்தைத் தூக்குகிற முறை. ஒருவருக்குத் தாயின் வருத்தம் சுகமாக வைத்த நேர்த்தி. நில்லுங்கோ என்று அவர்களில் ஒருவரையும் கேட்க அவருக்கு நா எழவில்லை. மாதாவிடம் போகிறவரை மறிக்கத் தான் யார்? மிச்சம் ஏழு பேர். வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் பட்டியலில் இரண்டு பெயர் சேர்க்கலாம். அவ்வளவுதான் வழி.

பழைய பெயர்களைத் தேடலாம் என்று செவ்வாய் வேலை முடிந்து வந்து போன வருடக் கொப்பியைக் குசினி மேசையில் விரித்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஞானேஸ்வரனின் வரிசையில் விரல் நின்றது. கோடுகள் ஐந்துதான். ஆனால் அந்த வரிசை முழுக்க அம்மை போட்ட மாதிரிப் புள்ளிகள்.

எண்ணினார். இருபத்துநான்கு. ஹரிசனின் வரிசையில் மூன்று. மேனுஷாவுக்கு ஐந்து. றூபனுக்கு இரண்டு. இன்னொருமுறை எண்ணினார். மாறவில்லை.

எதிரணிகள் பன்னிரண்டு. பந்தெறிந்தவர்கள் இருபதுக்கு மேல். அத்தனை பேரும் இந்த மனிதர் வந்து நிற்கும்போது மட்டும் பிழை விடுவார்களா? அப்படி நடக்காது. பிழைப் பந்தை எல்லாருக்கும்தான் எறிந்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஆசைப்பட்டு மட்டையை வீசியிருக்கிறார்கள். இவர் வீசாமல் நின்றிருக்கிறார். ஐம்பத்திரண்டு தரம் நின்றதில் இருபத்தொன்பது தரம் மூலைக்குப் போயிருக்கிறார். அணியிலே இன்னொருவர் அவருக்குக் கிட்டவும் இல்லை. மற்றவர்கள் அடித்தபோது மூலைகளில் நின்றது யார் என்பது அப்போதுதான் அவருக்கு வெளித்தது.

தான் வைத்த புள்ளிகள். தானே எண்ணாமல் விட்ட புள்ளிகள். இம்மாகுலேற் கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு பஸ் எடுத்து இல்ஃபோர்ட்டுக்குப் போனார்.

கடை பூட்டுகிற நேரம். ஞானேஸ்வரன் மெசினில் திறப்பு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கௌசி கல்லாவில் நின்றாள்.

"ஆ, மேனேஜர் அம்மா வாறா" என்றாள் கௌசி. "இஞ்சருங்கோ, உங்களை வெட்டின ஆள் வந்திருக்கிறா. திறப்பு வெட்டவோ, வேற ஆரையும் வெட்டவோ தெரியேல்லை."

"கௌசி, சும்மா இரும்" என்றார் ஞானேஸ்வரன். "வாங்கோ அக்கா."

"அவ சொல்லட்டும் தம்பி. சொல்ல வேண்டியதுதான்." இம்மாகுலேற் கொப்பியைக் கல்லாவில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் காணாது. அதைக் கேக்கத்தான் வெளிக்கிட்டனான். ஆனால் அதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும். நான் உங்களைப் பிழையாப் பாத்திட்டன். இதுகளைப் பாருங்கோ."

"என்ன இது? பூச்சி கடிச்ச மாதிரி."

"நீங்கள் சும்மா நடந்து போன தரமெல்லாம். இருபத்துநாலு. நான் இதை உங்கட கணக்கில சேக்கேல்லை. மற்றவனின்ர பிழையெண்டு விட்டிட்டன். ரீமில ஆகக் கூட மூலைக்குப் போன ஆளை நான் எடுத்துப்போட்டன் தம்பி. என்னை மன்னிக்கோணும்."

ஞானேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொப்பியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"எல்லாரும் என்னை மரம் மாதிரி நிக்கிறான் எண்டுதான் பகிடி பண்ணுறவை" என்றார் மெதுவாக. "வாற பந்து நல்லதோ கெட்டதோ எண்டு பாத்து விடுறதும் ஒரு வேலைதான் அக்கா. அதை ஒருத்தரும் எண்ணினதில்லை. நீங்களாவது குறிச்சு வைச்சிருக்கிறியள்."

கௌசி உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தாள். "இந்தாளுக்கு முழங்காலில ஊசி போட்டு மூண்டு கிழமைதான். ஓட ஏலாது" என்றாள். குரலில் முந்திய காரம் இல்லை.

"நடக்க ஏலும்" என்றார் ஞானேஸ்வரன். "நான் எந்தக் காலத்தில ஓடினனான்? சரி அக்கா, நான் எட்டு. ஒன்பது ஆர்?"

"அதுதான் ஆளில்லை."

"ஏன், நீங்களே நில்லுங்கோவன்" என்றாள் கௌசி. "எட்டு வருஷமா ஆர் கூடாதெண்டு கதிரையில இருந்து பாக்கிறியள்தானே."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்தபின் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை பட்டியல் போனது. பதினேழாவது பெயர் ஞானேஸ்வரன். பதினெட்டாவது இம்மாகுலேற், வயது ஐம்பத்துமூன்று. யாத்திரைக்கு எடுத்து வைத்திருந்த மெழுகுதிரியை மரியமலரிடம் கொடுத்து, "மாதாவிட்டச் சொல்லு, நான் வரப் பஞ்சிப்பட்டு, சோம்பலில நிக்கேல்லை எண்டு" என்றார்.

ஞாயிறு நல்ல வெயில். அவரைப் பந்து அதிகம் போகாத வலதுபக்கக் கடைசியில் நிறுத்தினார்கள். கையுறைக்குள் செபமாலை. ஒரு பந்து வந்தது. அதைப் பிடிக்கவில்லை, ஆனால் காலால் மறித்துவிட்டார். கியூபாக்காரர் அங்கிருந்து கை தட்டினார்.

மட்டை பிடிக்கும் முறை வந்தபோது ஞானேஸ்வரன் பக்கத்தில் வந்து சொன்னார்: "அக்கா, குனிஞ்சு சின்னதா நில்லுங்கோ. என்ன நடந்தாலும் வீசாதேங்கோ."

"பந்து மூஞ்சைக்கு வந்தால்?"

"அப்ப மட்டும் ஒரு பக்கம் அரக்குங்கோ."

முதல் இரண்டு தரமும் ஆட்டமிழந்தார். மூன்றாம் தரம் எறிந்தவன் களைத்துப் போயிருந்தான். ஒன்று வெளியே. இரண்டு வெளியே. ஒன்று சரியாக வந்தது, விட்டார். கை துடித்தது, வீசவேண்டும் போல ஒரு ஆசை. இந்த ஆசையை இந்த மனிதர் இருபத்துநான்கு தரம் அடக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மூன்று. நான்கு. நடுவர் முதல் மூலையைக் காட்டினார். இம்மாகுலேற் மட்டையைப் பக்குவமாகத் தரையில் வைத்துவிட்டு, நற்கருணைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து போனார். எதிரணிகூடக் கை தட்டிச் சத்தம் போட்டது.

ஏழு சுற்று ஆட்டம். ஆறாவது சுற்றில் ஞானேஸ்வரன் நொண்டத் தொடங்கினார். அவர் மூன்று தரம் நடந்து மூலைக்குப் போயிருந்தார். இப்போது முழங்கால் வீங்கி, காற்சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது. அவர் வெளியே போனால் எட்டுப் பேர். ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அணியும் முடிந்துவிடும். எல்லாரும் இம்மாகுலேற்றைப் பார்த்தார்கள். முடிவெடுக்கிற ஆள் அவர்தானே.

"தம்பி, காணும். வந்து இருங்கோ" என்றார் அவர். "மைதானம் போனால் போகட்டும். உங்கட கால் திரும்பக் கிடைக்காது."

"அக்கா, நீங்கள் என்னை ஒருக்கா எடுத்துப்போட்டிட்டியள்." ஞானேஸ்வரனின் முகத்தில் வேர்வையும் சிரிப்பும் சேர்ந்திருந்தன. "இன்னொருக்கா ஏலாது."

றூபனுக்குப் பதிலாக அன்று கோச்சாக நின்ற மேனுஷா அவரை முதல் மூலைக்கு மாற்றினாள். அங்கே நின்ற இடத்திலேயே நின்று பந்தை வாங்கினால் போதும். ஹரிசன் பந்தை அவசரப்படுத்தாமல் எறிந்தான். லிதுவேனியச் சகோதரர்கள் அவருடைய பக்கம் வருகிற பந்துகளையும் பாய்ந்து பாய்ந்து பொறுக்கினார்கள். இம்மாகுலேற் வலதுபக்கக் கடைசியில் நின்று அருள்நிறை மரியே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை சொன்னார் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. கடைசி ஆள் ஆட்டமிழந்து, நடுவர் தாளில் இரண்டு பக்கத்திலும் ஒன்பது ஒன்பது பேர் விளையாடினார்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்கியபோதுதான் நிறுத்தினார்.

கௌசி உறைந்த பட்டாணிப் பொதியோடு வந்து கணவரின் முழங்காலில் கட்டினாள். "மேனேஜர் அம்மா, உங்கட விளையாட்டு முடிஞ்சால் இந்தாளை நான் கொண்டு போகட்டோ?" என்றாள். பிறகு, இம்மாகுலேற் எதிர்பாராமல், அவருடைய கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

இம்மாகுலேற் மடக்குக் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். கால் இரண்டும் எரிந்தன. ஏழு பேருக்காகவும் எட்டாவது ஆளுக்காகவும் பெயர் பெயராக நன்றி சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். லிதுவேனியரின் பெயர்கள் நாவில் சரியாக வரவில்லை. ஆண்டவருக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டார்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. றூபன். பின்னால் பேருந்து முழுவதும் மாதா பாட்டுப் பாடுகிற சத்தம்.

"அக்கா, ரீம் இருக்கோ?"

"இருக்கு தம்பி. ஒன்பது பேரும் கடைசிவரைக்கும் நிண்டவை."

"அப்ப வெண்டனீங்களோ?"

"இல்லையடா, பதினொண்டுக்கு எட்டு, தோத்திட்டம்" என்றார் இம்மாகுலேற். "மாதாவுக்கு நன்றி."